புல்லட்டுக்கு முன்கண்ணாடி: ஆளை அளந்து வாங்குவோம்

நம் பகுதி வணிகர்களின் நாள் பெரும்பாலும் வண்டிச் சாவியோடுதான் தொடங்குகிறது. குத்தாலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் கும்பகோணம் மொத்தக் கடைகள், சுமார் 10 கிலோமீட்டரில் மயிலாடுதுறை. இடையில் கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கவும் வசூலுக்கும் ஓட வேண்டும். இந்த ஓட்டத்திற்கு ஸ்கூட்டரும் மொபட்டும் பயன்பட்டாலும், புல்லட் வகை வண்டிகளுக்கு நம்மவர்களிடம் என்றுமே தனி மதிப்பு உண்டு. 1955ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கிச் சென்னை திருவொற்றியூரில் தயாரான வண்டி அது. 2009இல் அதே பழைய தோற்றத்தில் 'கிளாசிக்' வந்தது. 2018இல் ஜாவாவும், 2022இல் எஸ்டியும் மீண்டும் சாலைக்கு வந்தன.

இந்த வண்டிகளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறோம். முதுகுக்கு நல்லது. ஆனால் எதிர்காற்று முழுவதையும் நம் மார்பும் முகமுமே வாங்குகின்றன. ஆகவேதான் விண்ட்ஷீல்டு எனப்படும் முன்கண்ணாடி போடலாமா என்ற கேள்வி எழுகிறது. பலர் படத்தைப் பார்த்து, பெரிதாக இருப்பதே நல்லது என்று வாங்கிவிடுகிறார்கள். சட்டையை ஆளுக்கு அளந்து தைப்பதுபோல், முன்கண்ணாடியையும் ஓட்டுபவரின் கண் உயரத்திற்கு அளந்துதான் வாங்க வேண்டும். அளவு தவறினால் காசு வீணாவது மட்டுமல்ல, இரவில் சாலையே மறைந்துபோகும்.

யாருக்குத் தேவை?

கடை, வீடு, கிடங்கு என்று ஊருக்குள்ளேயே 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு இது தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட்டும், அதற்குக் கீறலில்லாத புதுக் கண்ணாடியும் வாங்கிக்கொள்வதே சிக்கனம்.

வாரத்தில் பல நாள் வெளியூர்ச் சாலையில் 60, 70 வேகத்தில் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. காற்றின் தள்ளுவிசை வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 40இல் போகும்போது மார்பில் படும் விசை, 80இல் போகும்போது நான்கு மடங்காகிறது. ஆடி மாதத்தில் குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போகிறவர் மேற்கு நோக்கிப் போகிறார். காற்றும் மேற்கிலிருந்தே வருகிறது. வண்டி 60இல் ஓடி, எதிர்காற்று 20இல் வீசினால் உடம்புக்கு அது 80 வேகக் காற்றுதான். காலையில் சரக்கு பார்க்கும் முன்பே தோளும் கழுத்தும் வலிப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது பூச்சியும் தூசியும். குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் அறுவடை இயந்திரம் கிளப்பும் சுணையும் பதரும் சாலைக்கு வந்துவிடுகின்றன. மாலையானால் புகையானும் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியும் வெளிச்சத்தைத் தேடி வரும். விவசாயிகள் வயலில் விளக்குப் பொறி வைப்பது இதை நம்பித்தான். நம் வண்டியின் ஹெட்லைட்டும் ஓடுகிற விளக்குப் பொறியே. முன்கண்ணாடி இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. ஆகவே ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்ட வேண்டும்.

உயரம்தான் முதல் கணக்கு

முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கக் கூடாது; அதன் மேல்விளிம்புக்கு மேலாகப் பார்க்க வேண்டும். மேல்விளிம்பு நம் மூக்கு உயரத்தில், அதாவது கண் மட்டத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இருப்பது சரியான அளவு. விளிம்பில் மோதும் காற்று மேலே எழும்பி ஹெல்மெட்டைத் தாண்டிப் போய்விடும்.

இதற்குக் காரணம் உண்டு. காருக்கு வைப்பர் உண்டு, மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. ஐப்பசித் தூறலிலும் மார்கழிப் பனியிலும் கண்ணாடியின் இரு பக்கமும் நீர் முத்து கோத்துக்கொள்ளும். அந்த நேரம் எதிரே லாரி விளக்கு அடித்தால் ஒவ்வொரு துளியும் ஒரு விளக்காகித் தெரியும். சாலையில் காய வைத்த நெல்லோ, விளக்கில்லாத மாட்டு வண்டியோ கண்ணுக்குத் தெரியாது. உயரமான கண்ணாடியின் ஆபத்து இதுவே. கறுப்புச் சாயம் போட்டதற்கும் இதே எச்சரிக்கை. பகலில் அழகாக இருக்கும். இரவில் பார்வையைக் குறைக்கும். நிறமற்ற தெளிவான தகடே நமக்கு ஏற்றது.

அளப்பதற்குச் செலவில்லை. நம் கடையில் பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமா? வண்டியை மெயின் ஸ்டாண்டில் போடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட் அணிந்து வழக்கம்போல் உட்காருங்கள். அட்டையை வெட்டி ஹெட்லைட்டுக்கு மேலே டேப் போட்டு ஒட்டி, பார்வைக்கு இடைஞ்சல் இல்லாத உயரம் வரும்வரை நறுக்குங்கள். நின்ற வண்டியில்தான் இதைச் செய்ய வேண்டும். அட்டையோடு ஓட்டிப் பார்க்கக் கூடாது. அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், விற்பவர் சொல்லும் அளவை நம்பி வாங்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஓட்டும் வண்டியானால் குட்டையானவர் அளவையே எடுக்க வேண்டும்.

அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா?

கண்ணாடி என்று சொன்னாலும் இவை பிளாஸ்டிக் தகடுகளே. அக்ரிலிக் தெளிவானது, வெயிலில் எளிதில் மஞ்சளாகாது, விலையும் குறைவு. ஆனால் கல் பட்டாலோ, வண்டி சாய்ந்தாலோ விரிசல் விட்டு உடையும். 1953இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட பாலிகார்பனேட், அதே கனமுள்ள அக்ரிலிக்கைவிடப் பல மடங்கு அடி தாங்கும். வளையுமே தவிர எளிதில் சிதறாது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடிக்கு அதைப் பயன்படுத்துவதும் இதனால்தான். அதன் குறை, சீக்கிரம் கீறல் விழும். ஆகவே கீறல் தாங்கும் பூச்சும், வெயிலில் மஞ்சளாகாத பூச்சும் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஜல்லி லாரிகளின் பின்னால் போக வேண்டிய நம் சாலைகளுக்குப் பாலிகார்பனேட்டே நல்லது.

அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். தகட்டையும் அப்படியே சோதிக்கலாம். கடை வாசலில் நின்று அதன் வழியே ஒரு மின்கம்பத்தைப் பார்த்து, தகட்டை மெல்ல நகர்த்துங்கள். கம்பம் நெளிந்தால் வேண்டாம். கனம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வேகத்தில் படபடக்கும். ஓரங்கள் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் அந்த இடத்திலேயே பின்னால் பிளக்கும்.

பிடிப்பும் பக்கக் காற்றும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். குத்தாலம் - கும்பகோணம் சாலையில் அந்தக் காற்று எதிரே வரும் அல்லது பின்னாலிருந்து தள்ளும். சீர்காழி வழியாகக் கொள்ளிடம் பாலத்தைக் கடந்து சிதம்பரம் போகும்போதோ அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும். முன்கண்ணாடி ஹேண்டில்பாரோடு சேர்ந்திருப்பதால், அது வாங்கும் காற்று நேராக ஹேண்டிலைத்தான் இழுக்கும். பெரிய தகடு பெரிய பாய் போன்றது. பின்னால் மூட்டை கட்டியிருந்தால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, இந்த இழுப்பு இன்னும் அதிகமாகத் தெரியும். சரக்கு ஏற்றுகிறவர்கள் சிறிய அல்லது நடுத்தர அளவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஹேண்டில்பாரில் மட்டும் இரண்டு இடத்தில் பிடிக்கும் வகையும், கீழே ஃபோர்க்குக் குழாயிலும் சேர்த்து நான்கு இடத்தில் பிடிக்கும் வகையும் உண்டு. உயரம் கூடினால் நான்கு பிடிப்பு அவசியம். இந்த வண்டிகளில் ஹேண்டில்பார் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் கனம். கிளாம்ப் அந்த அளவுக்கு உரியதுதானா, உள்ளே ரப்பர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட்டமான ஹெட்லைட்டுக்கு இடம்விட்டு வளைவாக வெட்டிய தகடாக இருக்கட்டும். எளிதில் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. அக்னி நட்சத்திரத்தில் என்ஜின் சூட்டோடு உட்கார்ந்திருக்கையில், வரும் காற்றையும் தடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

பொருத்தியபின்

வண்டிச் சட்டத்தைத் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. நம்பர் பிளேட்டும் இண்டிகேட்டரும் மறையக் கூடாது. முன்கண்ணாடி இருக்கிறதென்று ஹெல்மெட்டைக் கழற்றவும் கூடாது. 129ஆவது பிரிவின்படி அது கட்டாயம்.

பொருத்தி முடித்ததும் மெக்கானிக் முன்னிலையிலேயே ஹேண்டிலை இடமும் வலமும் கடைசிவரை திருப்புங்கள். தகடு டாங்கில் தட்டக் கூடாது. கேபிள்கள் இறுகக் கூடாது. என்ஜினை ஐடிலில் ஓடவிட்டுத் திருப்பும்போது சத்தம் தானாக ஏறினால், ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்க வேண்டாம். நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் தகடு பிளக்கும். ரப்பர் வாஷரும் நைலான் நட்டும் போட வேண்டும்.

முதல் ஓட்டம் பகலில், சுமையில்லாமல் இருக்கட்டும். ஹெல்மெட் அதிர்ந்து தலை ஆடினால், மேல்விளிம்புக் காற்று சுழன்று தலையில் அடிக்கிறது என்று அறியலாம். தகட்டின் சாய்வைச் சற்று மாற்றியோ, கொஞ்சம் ஏற்றி இறக்கியோ பார்த்தால் பெரும்பாலும் சரியாகும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும்.

துடைக்கும் முறை

நல்ல தகட்டைக் கெடுப்பது பெரும்பாலும் துடைக்கும் கைதான். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் படக் கூடாது. தகடு மங்கி, நுண்விரிசல் விடும். உலர்ந்த துணியால் தூசியைத் தேய்த்தால் மணலே அரம்போல் கீறும். காய்ந்த பூச்சியின் மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்து, பின் நிறையத் தண்ணீர் ஊற்றி, மென்மையான சோப்பு நீரில் துவைத்த பழைய பனியன் துணியால் துடைத்தால் போதும். பாத்திரம் துலக்கும் நாரை இதன் பக்கமே கொண்டுவர வேண்டாம். கீறல் விழுந்து மங்கிய தகட்டை இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப்போடாமல் மாற்றிவிடுவதே இரவு ஓட்டத்துக்குப் பாதுகாப்பு.

வசூல் பணத்தோடும் சரக்கோடும் இருட்டுவதற்குள் கடை திரும்ப வேண்டியவர்கள் நாம். கல்லாவில் நாம் உட்கார்ந்தால்தான் கடை நடக்கும். ஒரு பைசா வித்தியாசத்தைக் கணக்கில் கண்டுபிடிக்கும் நம் கண், சாலையையும் அவ்வளவு தெளிவாகப் பார்க்க வேண்டாமா? உயரத்தை அளந்து, தகட்டைச் சோதித்து, பில்லோடு வாங்குங்கள். அளவு சரியாக அமையவில்லை என்றால் வாங்காமல் திரும்புவதும் லாபமே.