அன்று கேட்ட கேள்வி

2021 ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக் சென்னையில் கோவிட் தடுப்பூசி செலுத்திக்கொண்டார். 17ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். மேட்டுப்பாளையத்தில் எங்களிடம் வந்தோரும் கேட்டது ஒன்றே: "ஊசிதானுங்க காரணம்?" மாரடைப்புக்கு வித்திடும் கொழுப்புப் படிவு இரண்டு நாளில் சேர்வதன்று, பல்லாண்டுகளாகச் சேர்வது என விளக்கினோம். "கொஞ்ச நாள் பொறுத்துப் போட்டுக்கறோங்க" என்று திரும்பிச் சென்றனர்.

மே இறுதியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே விஞ்சியது. தயங்கியோர் விடியுமுன் வரிசையில் நின்றனர், ஊசியோ போதவில்லை. விவேக்கின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற நிபுணர் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியானது. கேட்டவர்களை அறியாதவர்கள் என எண்ணி, அவசரமாகப் பதிலளித்து அனுப்பியது எங்கள் பிழை. இப்போதெல்லாம் ஊசிக்கு முன், கேள்விகளுக்கென்றே சில நிமிடங்கள் ஒதுக்குகிறோம்.