காளான் வித்து படரத் தாமதிப்பது ஏன்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. சாமையும் தேனும் புளியும் பலாவும் இம்மலைவாழ் மக்களின் நெடுநாளைய வருவாய்கள். இவையனைத்தும் பருவத்திற்குப் பருவம் கைக்கு வருபவை. இடைப்பட்ட மாதங்களில் கைச்செலவிற்கு வழி காண்பது எளிதன்று. வீட்டுப் புறத்தில் ஒரு சிறு கொட்டகை அமைத்து, அறுவடைக்குப்பின் எஞ்சும் தாளைக்கொண்டே சிப்பிக் காளான் வளர்ப்பது இக்குறையை ஓரளவு நீக்கவல்ல தொழிலாகும்.

இத்தொழில் நமக்குப் புதியதன்று. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1962-ஆம் ஆண்டிலேயே நெல் வைக்கோலில் சிப்பிக் காளானை வளர்த்துக் காட்டினர். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் நாட்டுத் தட்பவெப்பத்திற்கேற்ற பல காளான் இரகங்களை வெளியிட்டுள்ளது. இவ்வளவு இருந்தும், முதல் முறை படுக்கை இட்டவர்களிற் சிலர் மனம் தளர்ந்து தொழிலைக் கைவிடுகின்றனர். “இருபது நாளாகியும் வைக்கோல் வெளுக்கவில்லை” என்பதே அவர்கள் கூறும் முறையீடு. இதன் காரணங்களையும் மாற்று வழிகளையும் ஈண்டு ஆராய்வோம்.

இயல்பான வளர்ச்சி

காளான் பச்சிலையுள்ள பயிரன்று; அது ஒரு பூசணம். சூரிய ஒளியைக்கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. வெள்ளை நூல்போன்ற அதன் இழைகள் வைக்கோலுக்குள் ஊடுருவி, அதிலுள்ள நாரைக் கரைத்து உண்கின்றன. வைக்கோல் முழுவதையும் இழைகள் வசப்படுத்திக்கொண்ட பின்னரே காளான் மொட்டு விடும். ஆகவே, படரும் காலம் நீளுமாயின் வருவாய் தள்ளிப்போவது மட்டுமன்றி, வேறு பூசணங்கள் முந்திக்கொண்டு இடம் பிடிக்கவும் வாய்ப்பு ஏற்படுகின்றது.

செம்மையாக இட்ட படுக்கையில், மூன்றாம் அல்லது நான்காம் நாளிலேயே வித்தின் தானியத்தைச் சுற்றி வெண்பஞ்சு தோன்றும். ஒரு வாரத்தில் அவ்வெண்மை வட்டங்களாக விரியும். 15 முதல் 20 நாட்களுக்குள் படுக்கை முழுவதும் வெளுத்துவிடும். இக்கணக்கிற்கு மிகவும் பின்தங்கினால், எங்கோ குறையுளது என அறிதல் வேண்டும். குறை எத்தகையது என்பதைப் படுக்கையே காட்டிக்கொடுக்கும். எல்லாப் படுக்கைகளும் ஒருபோலத் தாமதிக்கின்றனவா, சில மட்டுமா, அடிப்பாகம் மட்டுமா, நடுப்பாகம் மட்டுமா என்று முதலில் நோக்குக.

குளிர்

எல்லாப் படுக்கைகளும் ஒரே அளவில் மெதுவாக வளர்ந்து, இழைகள் தூய வெண்மையாகவும் தீய மணமின்றியும் இருப்பின், பெரும்பாலும் குளிரே காரணமாகும். சிப்பிக் காளான் இழை நன்கு படர 23 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. அதற்குக் கீழே செல்லச் செல்ல அதன் வேகம் குறையும். ஆயினும் அது மடிந்துவிடுவதில்லை. ஜமுனாமரத்தூர்ப் பகுதியில் மார்கழி, தை மாத இரவுகள் சமவெளியைக் காட்டிலும் குளிர்ச்சியானவை. சமவெளியில் எழுதப்பட்ட நாட்கணக்கு அம்மாதங்களில் மலைக்கு அப்படியே பொருந்தாது.

இதற்கு எளிய பரிகாரமுண்டு. படுக்கைகளைக் குளிர்ந்த தரையில் வைக்காமல் பலகை அல்லது மூங்கிற் பரண் மீது நெருக்கமாக வைக்கலாம். மாலையில் சன்னல்களைச் சாக்கினால் மூடலாம். வளரும் இழைகளே சிறிது வெப்பத்தை வெளியிடுவதால், நெருங்கி நிற்கும் படுக்கைகள் ஒன்றுக்கொன்று துணையாகும். ஆனால் மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுதல் கூடாது. அதன் நச்சுக்காற்று உள்ளே நுழையும் மனிதரின் உயிருக்கே இடர் விளைக்கும்.

இரகத் தேர்வும் இங்குக் கருதத்தக்கது. 1998-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஏ.பி.கே. 2 என்னும் பால் காளான் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை விரும்புவது. அதனைக் குளிர்காலத்தில் மலைமீது இட்டுவிட்டுப் பலனை எதிர்பார்த்தல் தகாது. அம்மாதங்களுக்குச் சிப்பிக் காளானே ஏற்றது.

நீர்

படுக்கையின் மேற்பாகம் வெளுத்து, அடிப்பாகம் பழுப்பாக நின்று, பையின் அடியில் நீர் தேங்கிப் புளித்த நாற்றம் வீசினால், நீர் மிகுந்துவிட்டது என்று பொருள். காளான் இழைக்கும் மூச்சு உண்டு. வைக்கோலின் இடைவெளிகளை நீர் அடைத்துவிட்டால் இழை மூச்சுத் திணறி நிற்க, காற்றின்றி வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். தொடக்கத்திலேயே கண்டால், தூய கத்தியால் பையின் அடியில் இரண்டொரு சிறு துளையிட்டுப் படுக்கையைக் கட்டித் தொங்கவிட்டு நீரை வடிக்கலாம். முழுவதும் நாறிவிட்ட படுக்கையை அகற்றிவிடுவதே நன்று.

இதற்கு மாறாக, படுக்கை எடை குறைந்து, இழைகள் மெல்லியனவாய் ஓரிடத்தில் நின்றுபோயிருப்பின், வைக்கோல் மிகவும் உலர்ந்துவிட்டது என அறியலாம். அப்போது படுக்கையின் நடுவே தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முயல்வது வீண். அடுத்த முறை திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

சரியான ஈரம் நூற்றுக்கு 65 பங்கு. வெந்து உலர்த்திய வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டலாகாது, ஆனால் உள்ளங்கை நனைந்திருக்க வேண்டும். தராசு உள்ளவர்கள் வேறொரு வகையிலும் சோதிக்கலாம். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல், பக்குவமான ஈரத்தில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ முதல் மூன்று கிலோவுக்குள் நிற்கும்.

வித்து

ஒரே நாளில் இட்ட படுக்கைகளிற் சில மட்டும் தாமதித்து, அவையனைத்தும் ஒரே பையிலிருந்த வித்தைப் பெற்றவையாயின், ஐயம் வித்தின்மீதே செல்ல வேண்டும். நல்ல வித்து வெண்மையாய், தானியங்கள் இழையால் பிணைக்கப்பட்டு, காளானுக்குரிய இனிய மணத்துடன் இருக்கும். மஞ்சள் நீர் கசிவதும், தடித்த தோல்போல் படிந்திருப்பதும் முதுமைக்கு அடையாளம். பச்சை அல்லது கருப்புப் புள்ளிகள் கண்டால் அதனைத் தொடவே வேண்டாம்.

மலைவாழ் உழவர்களுக்கு இங்கு ஒரு தனித் தொல்லையுண்டு. வித்து பெரும்பாலும் கீழிருந்து வரவேண்டும். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ கோடை நண்பகலில் பேருந்தின் மேற்கூரையில் ஏற்றிவரும் வித்து, வெயிலில் வெந்து உயிரிழந்துவிடலாம்; வெளித்தோற்றத்தில் மாற்றமும் தெரியாது. அதிகாலைப் பேருந்தில், ஈரச்சாக்குச் சுற்றிய கூடையில் வைத்து, பயணிகள் அமரும் நிழலிலேயே கொண்டுவருதல் நலம். வந்தவுடன் சில தானியங்களைக் கொதிநீரில் நனைத்து ஆற்றிய அட்டைத்தாளில் இட்டு, தூய பாத்திரத்தில் மூடி வைத்துப் பார்க்கலாம். நான்கு நாளில் வெண்மை படர்ந்தால் வித்து உயிருள்ளது. படுக்கைக்கு வேண்டிய வைக்கோல் முழுவதையும் நனைப்பதற்குமுன் இச்சோதனையைச் செய்தால் உழைப்பும் விறகும் வீணாகா.

வித்து அடுக்குகள் மட்டும் வெளுத்து, இடையிலுள்ள வைக்கோல் வெறுமையாய் நின்றால், அடுக்கு தடித்துவிட்டது அல்லது வைக்கோல் தளர்வாக நிரப்பப்பட்டது எனலாம். ஐந்து சென்டிமீட்டர் உயரத்திற்கு வைக்கோலை அழுத்தி, அதன்மேல் சுமார் 30 கிராம் வித்தைத் தூவி, இவ்வாறு ஐந்து வைக்கோல் அடுக்கும் நான்கு வித்து அடுக்குமாக இடுவதே வழக்கமான முறை.

வைக்கோலும் தூய்மையும்

பச்சைத் திட்டுகள் தோன்றினால் அது வேறு பூசணத்தின் வேலை. வைக்கோல் மழையில் நனைந்து பழையதாகியிருக்கலாம், அல்லது சரியாக வேகாமல் இருக்கலாம். பொன்னிறமான புதிய வைக்கோலை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைத்தல் வேண்டும். உலர்த்தும் இடமும் கைகளும் தூய்மையாயிருத்தல் அதனினும் இன்றியமையாதது. பச்சை படிந்த பையைத் திறவாமல் கொட்டகைக்கு வெளியே தொலைவிற் கொண்டுபோய்ப் புதைத்துவிடுக. தாமாக முளைத்து, கருநிறமாய்க் கரைந்தொழுகும் சிறு குடைக்காளான்களை ஒருபோதும் உண்ணலாகாது.

மலையில் நெல் வைக்கோல் அரிது, சாமைத்தாளே மிகுதி. அதனைப் பயன்படுத்த விரும்புவோர், முதலில் ஐந்தாறு படுக்கைகளில் மட்டும் இட்டு, நெல் வைக்கோல் படுக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பின்னர்ப் பெருக்குதல் அறிவுடைமை.

ஊராட்சிகளின் பணி

தாமதத்திற்குப் பயந்து பையை முன்கூட்டியே கிழித்துவிடும் வழக்கத்தை உழவர்கள் விட்டொழிக்க வேண்டும். வெண்மையும் நன்மணமும் உள்ள படுக்கைக்குப் பொறுமையே மருந்து. குளிர்காலத்தில் ஒரு மாதம்வரையிலும் காத்திருக்கலாம்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கனவும் சில உள. பல குடும்பங்களின் தேவையைத் தொகுத்து, வித்தை ஒரே நாளில் வரவழைக்கலாம். வைக்கோல் வேகவைக்க ஒரு பொது அடுப்பும் பெரிய கொப்பரையும் அமைக்கலாம். கொட்டகைகளில் தொங்கவிட வெப்பமானிகள் வாங்கி உதவலாம். இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. படுக்கை இட்ட நாள், வித்து வந்த நாள், வெப்பநிலை, வெளுத்த நாள் ஆகியவற்றை ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரின், ஓராண்டுக்குள் நம் மலைக்கே உரிய நாட்கணக்கு ஒன்று உருவாகிவிடும். ஒருவர் இழந்த படுக்கை மற்றவர்க்குப் பாடமாகும். முதல் தோல்வியோடு தொழிலைக் கைவிடும் நிலையும் மாறும்.