துணி வெளுத்தா காசு... பவளம் வெளுத்தா?

திருப்பூர்ல யாரை வேணும்னாலும் நிறுத்தி, 'பிளீச்சிங்'னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. "எத்தனை கிலோங்க... எப்போ வேணும்?"னுதான் திருப்பிக் கேப்பாங்க. கிரே துணி வெள்ளைவெளேர்னு வந்துட்டா, ஒரு வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதி. இதே வார்த்தையை ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறை ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட சொல்லுங்க. "எந்தத் தீவுல? எவ்வளவு போச்சு?"னு பதறுவாங்க. பவளம் வெளுத்துச்சுன்னா, அது உயிருக்குப் போராடுதுன்னு அர்த்தம்!

இப்போ எதுக்கு இந்தக் கடல் கதைன்னு கேக்குறீங்களா? உங்க செல்போனைத் திறங்க. நீல லைட்டு, அசைஞ்சாடுற பவளம், நடுவுல ஆரஞ்சு கலர் கோமாளி மீன்னு 'ரீஃப் டேங்க்' வீடியோ ஒண்ணாவது கண்ணுல பட்டிருக்கும். 'நம்ம ரூம்ல இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்!'னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிருக்கும். கொஞ்சம் பொறுங்க பாஸ். அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள்ள ஒரு யுத்தமே நடக்குது. அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கல்லா, செடியா, பிராணியா?

பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும், செடி மாதிரி கிளை விடும். ஆனா பவளம் ஒரு பிராணி. குண்டூசித் தலை அளவுல இருக்குற ஆயிரக்கணக்கான உயிர்கள் கூட்டாச் சேர்ந்து சுண்ணாம்பு வீடு கட்டிக்கிட்டு வாழுது. அதோட உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடித்தனம் இருக்கு. பாசி வெயில்ல சமைச்சுப் போடும், பவளம் இடம் கொடுக்கும். பவளத்துக்கு வேண்டிய சக்தியில 90 சதவிகிதம் வரைக்கும் இந்த வாடகைதான். அந்த அழகான நிறத்துலயும் பெரும்பங்கு பாசியோடதுதான்.

தண்ணி சூடாச்சுன்னா இந்தக் கூட்டணி உடையும். பவளம் பாசியை வெளியே தள்ளிடும். உடனே வெளுக்கும். அப்பவே செத்துடாது. சில வாரத்துல சூடு தணிஞ்சா பாசி திரும்பி வரும், பவளமும் பிழைக்கும். தணியலைன்னா பட்டினிச் சாவுதான்.

முதல்ல ஒரு ஸ்பீடு பிரேக்கர்!

நம்ம கடல்ல இருக்குற கல் பவளம் எல்லாமே 2001ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலியும் யானையும் இருக்குற அதே பட்டியல்! எடுக்கிறது, விக்கிறது, வாங்கி வீட்டுல வெக்கிறது எல்லாமே குற்றம். 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். செத்துப்போன பவளத் துண்டை ஷோகேஸ்ல வெச்சாலும் வம்புதான். "நம்ம ஆளு ஒருத்தர் கொண்டாந்து தர்றேன்னாரு"னு யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

அப்புறம் எதுக்கு இந்தத் தொட்டிக் கதையைத் தெரிஞ்சுக்கணும்? வெளிநாட்டுல தொட்டி வளர்க்கிறவங்க பட்ட பாட்டுல, நம்ம ஊர்க் குளத்துக்கே ஒரு பாடம் இருக்கு.

வில்லன்கள் மூணு பேர்

முதல் வில்லன், ஐப்டேசியா. சின்னக் கடல் சாமந்தி. தொட்டியில போடுற பாறையில ஒட்டிக்கிட்டு, டிக்கெட் எடுக்காம உள்ளே வந்துடும். பக்கத்துல இருக்குற பவளத்தைக் கொட்டியே காலி பண்ணும். 'சுரண்டி எறிஞ்சா ஆச்சு'ன்னு கத்தியை எடுத்தீங்க... தொலைஞ்சீங்க! பிஞ்சு விழுற சின்னத் துணுக்குல இருந்தும் புதுசு முளைக்கும். ஒண்ணு பத்தாகும். விவரம் தெரிஞ்சவங்க சுண்ணாம்பைக் குழைச்சு அதோட வாய்மேல அப்பி மூடுவாங்க. இல்லைன்னா, இதைத் தின்னே வாழுற பெர்கியாங்கிற ஓடில்லாத கடல் நத்தையை விடுவாங்க.

ரெண்டாவது, தட்டைப்புழு. அக்ரோபோராங்கிற கிளைப் பவளத்தைத் தின்னும். பவளத்து நிறத்துலயே ஒட்டிக்கிடக்கிறதால கண்ணுக்கே தெரியாது. தொட்டிக்காரங்க வருஷக்கணக்கா இதோட மல்லுக்கட்டினாங்க. 2011லதான் இதுக்கு அறிவியல் பேரே கிடைச்சுது. 2012லதான் ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ல, அதாவது நிஜக் கடல்ல, இதை முதல் தடவையா ஆய்வாளர்கள் பதிவு பண்ணினாங்க. ஆராய்ச்சி உலகத்துக்கு முன்னாடியே ஹாபி பசங்களுக்கு இது தலைவலி! மருந்துத் தண்ணியில பவளத்தை முக்கி எடுத்தா புழு சாகும், முட்டை சாகாது. அதனால, முட்டை பொரியப் பொரிய வாரக்கணக்குல திரும்பத் திரும்ப முக்கணும்.

மூணாவது, சிவப்பு வழவழப்பு. ராத்திரி சுத்தமா இருந்த மணல் மேல காலையில சிவப்புப் போர்வை போர்த்தின மாதிரி இருக்கும். இது சயனோபாக்டீரியா. மருந்து ஊத்தினா போகும். கொஞ்ச நாள்ல திரும்ப வரும். ஏன்னா அது வந்ததுக்குக் காரணம் வேற. மீனுக்கு அளவுக்கு மீறித் தீனி, தண்ணியில ஏறின பாஸ்பேட், ஓட்டமில்லாத மூலை. அதைச் சரி பண்ணாம போர்வையை மட்டும் உருவினா, அது அடுத்த போர்வையைப் போர்த்திக்கும்.

இதுல ஒரு அப்பாவியும் மாட்டிக்குவார். ரோமப்புழு. பார்த்தா பூரான் மாதிரி பயங்கரமா இருக்கும். ஆனா பெரும்பாலான ரோமப்புழுங்க மிச்சம் மீதித் தீனியைத் தின்னு தொட்டியைக் கூட்டிப் பெருக்குற துப்புரவுக்காரங்க. மூஞ்சியைப் பார்த்து வில்லன்னு முடிவு பண்ணி இவங்களை அழிச்சா, குப்பை அள்ள ஆளிருக்காது.

டி.டி.எஸ். தெரியாத திருப்பூர்க்காரரா?

அனுபவசாலிங்க ரெண்டே விஷயம் சொல்வாங்க. ஒண்ணு, புதுசா எது வந்தாலும் நேரா தொட்டியில போடாதே. சில வாரம் தனித் தொட்டியில வெச்சுப் பாரு. நம்ம கம்பெனிங்கள்ல புது லாட் வந்தா செக்கிங் முடியாம கட்டிங் டேபிளுக்கு ஏத்துறாங்களா? அதே கதைதான்.

ரெண்டு, தண்ணியைப் பாரு. ரீஃப் டேங்குக்கு ஆர்.ஓ. பண்ணி, டி.டி.எஸ். சைபருக்குக் கொண்டுவந்த தண்ணியை எடுத்துத்தான் கடல் உப்பைக் கலக்குவாங்க. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கணும். வெப்பம் 24ல இருந்து 27 டிகிரி. தண்ணியில தாமிரம் கொஞ்சம் கலந்தாலும் பவளம், இறால் எல்லாம் காலி. மீனுக்கு நல்லது பண்ற தாமிர மருந்தே பவளத்துக்கு விஷம்.

டி.டி.எஸ்., ஆர்.ஓ. எல்லாம் நமக்குப் புதுசா என்ன? சாயக் கழிவு நொய்யல்ல போன வழக்குல, 2011 ஜனவரி 28ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ, டீக்கடை பெஞ்சுல கூட இந்த வார்த்தைங்கதான் ஓடுச்சு. தண்ணி கெட்டா ஊரே நிக்கும்னு பாடப் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமில்லாத ஊரு நம்ம ஊரு.

பெரிய தொட்டியிலும் அதே வில்லன்

இப்போ தொட்டியை விட்டு நிஜக் கடலுக்கு வாங்க. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள். 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. இதுல ரெண்டு தீவு ஏற்கெனவே தண்ணிக்குள்ள போயிடுச்சு. பவளப்பாறையை சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கா வெட்டி எடுத்ததுக்கு அதுல பெரிய பங்கு உண்டு.

அங்கேயும் டிக்கெட் எடுக்காம வந்த ஒருத்தர் இருக்கார். பேரு கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல்பாசி. இதுல இருந்து எடுக்குற கேரகீனன் ஐஸ்கிரீம்ல இருந்து டூத்பேஸ்ட் வரைக்கும் போகுது. மண்டபம் பக்கம் இதை வளர்த்துப் பிழைக்கிற மீனவப் பெண்கள் நிறைய. பாசி மேல தப்பில்ல. ஆனா அது பண்ணையோட நிக்கலை. குருசடைத் தீவுல உயிருள்ள பவளத்து மேல படர்ந்து மூச்சை அடைக்குதுன்னு 2008ல 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. வனத்துறை ஆளுங்க கடல்ல இறங்கிக் கையால பிடுங்கினாங்க. துணுக்கு ஒட்டியிருந்தா? மறுபடி முளைக்கும். ஐப்டேசியா கதையேதான்!

இது போதாதுன்னு வெயில் வேற. 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடாவுல பவளம் பெரிய அளவுல வெளுத்துச்சு. 2016 வெளுப்புல உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவிகிதத்துல இருந்து சுமார் 23 சதவிகிதத்துக்கு இறங்கினதா ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. தூத்துக்குடியில இருக்குற சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷமா பவளத் துண்டுகளை கான்கிரீட் சட்டங்கள்ல கட்டி, கடலுக்கடியில நட்டு வளர்த்துக்கிட்டு இருக்கு. துண்டு சட்டத்துல ஒட்டும், வளரும். ஆனா கடலுக்கு யார் சில்லர் மாட்டறது?

நம்ம ஊர்த் தொட்டி

கடல் தூரம்தான். குளம் பக்கத்துலயே இருக்கு. ஊத்துக்குளி ரோடு பக்கம் நஞ்சராயன் குளத்துக்கு ஒரு நாள் காலையில பைக்கை விடுங்க. 2022ல பறவைகள் சரணாலயம், 2024ல ராம்சார் ஈரநிலம்னு உலகப் பட்டியலுக்கே போன குளம். நம்ம பக்கத்துக் குளங்களுக்கும் ஒரு கப்பாபைகஸ் உண்டு. அதான் ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவுல இருந்து அழகுக்காக வந்த செடி. என்.எஸ்.எஸ். கேம்ப் போட்டு, சேத்துல இறங்கி, லாரி லாரியா அள்ளுறீங்க. போட்டோ எடுத்துக்கிறீங்க. கொஞ்ச நாள்ல பச்சைப் போர்வை திரும்ப ரெடி! சாக்கடை விழுற வாய்க்காலைத் தொடாம செடியை மட்டும் அள்ளினா வேற என்ன ஆகும்? அடுத்த கேம்ப்ல ஒரு டீம் அள்ளட்டும். இன்னொரு டீம் சாக்கடை எங்கே சேருதுன்னு நடந்து பார்த்து, போட்டோவோட நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனுவாக் கொடுக்கட்டும். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் நண்பனைக் கூட்டிட்டுப் போய் தண்ணியைப் பரிசோதிச்சு, ரிசல்ட்டையும் மனுவோட பின் பண்ணுங்க.

இன்னொண்ணு. ரூம்ல மீன் தொட்டி இருக்கா? நல்ல தண்ணி மீன்தானே... தாராளமா வளருங்க. ஆனா செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்போ, 'பாவம், பொழைச்சுக்கட்டும்'னு அந்த மீனைக் குளத்துல விட்டுடாதீங்க. தொட்டி கிளீன் பண்ணும்னு வாங்கின சக்கர் மீன், இப்படி விட்டதாலதான் தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல பெருகிக் கிடக்கு. வலையைக் கிழிக்குது. நாட்டு மீனோட தீனிக்குப் போட்டி போடுது. வேண்டாம்னா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுங்க, இல்ல ஜூனியர் தலையில கட்டுங்க!

கையில இருக்குற மீன் கவரை அவிழ்க்கிறதுக்கு முன்னாடி, அடுத்து எந்தத் தண்ணிக்குப் போகப் போகுதுன்னு ஒரு செகண்ட் யோசிங்க. அது போதும்.