எப்போது மிஸ் அடிக்கிறது?

நாமக்கல்லில் இருந்து துறையூர் போகும் வழியில் இருக்கிற எருமப்பட்டிப் பக்கம் இரண்டு சக்கர வண்டி ஓயாமல் உழைக்கும். விடிவதற்குள் பால் கேன் ஏற வேண்டும், பகலில் கோழித் தீவன மூட்டை ஏற வேண்டும், விசேஷம் என்றால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இரண்டு பேரோடு கொல்லிமலைக்கும் ஏற வேண்டும். அப்படிப்பட்ட வண்டி நடு ரோட்டில் மிஸ் அடித்து, இழுவை விட்டு, சைலன்சரில் ‘டப்’பென்று வெடித்துவிட்டுப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலோ சீராக ஓடும். அதனால் முதலில் பிளக்கை மாற்றுவார்கள், அடுத்த வாரம் பிளக் கேப், அதற்கடுத்து காயில், கார்புரேட்டர் சர்வீஸ் என்று செலவு நீளும். கோளாறு அப்படியே இருக்கும். விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்கில் எந்தப் பாகம் கெட்டது என்பது இரண்டாவது கேள்விதான். எந்த நிலைமையில் வருகிறது என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை ஸ்பேனரை எடுக்கவே கூடாது என்பேன்.

காரணம் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 33 முறை பெட்ரோல் பற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பெட்ரோல், காற்று, அழுத்தம், தீப்பொறி நான்கும் சரியாகச் சேர வேண்டும். இவற்றில் எது தவறினாலும் ஓட்டுகிறவர் ‘மிஸ் அடிக்குது’ என்றுதான் சொல்வார். ஆனால் தவறுகிற விதம் வேறு. தீப்பொறி அறுந்தால் இழுவை வெடுக்கென்று போய் வெடுக்கென்று திரும்பும். சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் இருக்கும். பெட்ரோல் வரத்துக் குறைந்தால் இழுவை மெல்ல மெல்ல வற்றும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி திணறும். பட்டறையில் வழக்கமாகச் செய்கிற சோதனையைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து கிக்கரை மிதிப்பார்கள். நீலமாகப் பொறி தெரிந்தால் ‘கரண்ட் நல்லா இருக்கு’ என்று முடித்துவிடுவார்கள். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைத் தாண்டுவது பொறிக்கு எளிது. சிலிண்டருக்குள் காற்று அமுங்கி அடர்ந்திருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் பல மடங்கு வேண்டும். பலவீனமான காயில் வெளியே பொறி காட்டும், உள்ளே தோற்கும். மூட்டை ஏற்றி முறுக்கி, உள்ளே அழுத்தம் கூடும்போது மட்டும் மிஸ் அடிக்கிற வண்டி, ஸ்டாண்டு போட்டு ரேஸ் செய்தால் சீராக ஓடுவதற்கும் இதுதான் காரணம்.

சூடும் அப்படித்தான். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஓடிய பிறகே கோளாறு வந்து, நிழலில் பத்து நிமிடம் நின்றால் போய்விடுகிறது என்றால் காயில், பொறி விழும் நேரத்தைச் சொல்லும் பல்ஸர் காயில் ஆகிய இரண்டின் மேலும் சந்தேகம் விழ வேண்டும். காயிலில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் ஏறக்குறைய கால் பங்கு. அதோடு உள்ளே முடி இழை அளவு விரிசலும் இருந்தால் சூட்டில் அது விரிந்துகொள்ளும். ஆனால் இதே அறிகுறியை டேங்க் மூடியும் காட்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடியில் காற்று புகும் துளையைத் தூசி அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து நிற்கும். வண்டி நிற்கிற அந்த நொடியில் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே புகுந்து வண்டியும் உடனே பிடித்துக்கொண்டால் காயில் வாங்கும் பணம் மிச்சம். ஆறிய பிறகு இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. மழையில் மட்டும் வந்தால் பிளக் கேப், ஹை டென்ஷன் வயர். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் வந்தால், கழுத்துப் பகுதியில் மடிந்து மடிந்து உறைக்குள்ளேயே அறுந்த வயர். குழியில் விழும்போது வந்தால் பேட்டரி டெர்மினல், எர்த். இவை உறுதியான தீர்ப்பு அல்ல, எங்கே தேட வேண்டும் என்பதற்கான வழி.

பிளக் மலிவுதானே, மாற்றிப் பார்த்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஆயுள் முடிந்த பிளக்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பிளக்கைக் கழற்றும்போது தளர்ந்திருந்த கேப்பும் அழுத்தி மாட்டப்படுகிறது. மூன்று நாள் வண்டி நன்றாக ஓடும், பெயர் புதுப் பிளக்குக்குப் போகும், உண்மையான தடயம் அழிந்துவிடும். இரண்டு மூன்று பாகங்களை ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்பது யாருக்குமே தெரியாது. சாயந்திரத்துக்குள் வண்டி வேண்டும் என்கிறவருக்கு முன்னால் மெக்கானிக் எப்படி ஆராய்வார் என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் பாதி வேலை ஓட்டுகிறவருடையது என்கிறேன். எவ்வளவு தூரம் ஓடியபின் வந்தது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, சுமை இருந்ததா, மழையா வெயிலா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மெக்கானிக்கின் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் அடங்கும். வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடித்த நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். பாகம் மாற்றினால்தான் காசு என்றிருக்கும்வரை அவர் பாகத்தைத்தான் மாற்றுவார்.

2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பி.எஸ். 6 மாசு விதிப்படி வந்த வண்டிகளில் ஸ்கேனர் மாட்டினால் போதுமே என்பார்கள். சென்சார் இணைப்பு அறுந்திருந்தால் ஸ்கேனர் சொல்லும். ஆனால் அது காட்டுவது ஒரு சர்க்யூட்டைத்தான். கெட்டது சென்சாரா, அதற்குப் போகும் வயரா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். பிளக் கேப் விரிசலில் பொறி கசிவதை அது கண்டுகொள்ளாமல் போகலாம். இந்த வண்டிகளில் மிஸ்ஸிங்கோடு ஓட்டிக்கொண்டே இருப்பதும் ஆபத்து, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுக்கும். இப்போது எல்லாப் பழியும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மேல் விழுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூப்களுக்கு அது ஒத்துவராது என்பதெல்லாம் உண்மைதான். நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி, டேங்கின் அடிப் பெட்ரோலில் திணறினால் அங்கே தேடலாம். ஆனால் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் நின்று வலப்பக்கம் திருப்பினால் ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோலைக் குறை சொல்லி டேங்கைக் கழுவினால், அறுந்த வயர் அறுந்தபடியேதான் இருக்கும்.