திரைந்த சொதி

திருகோணமலை டச்சுக்குடா மணலில் விளையாடிய பிள்ளைகளுக்கு மூன்று கல் அடுப்பு, தேங்காய்ச் சிரட்டை சட்டி. ஈரமணல் சோறாகும், பூவரசம் பூ கறியாகும். மிகப் பழைய விளையாட்டு இது. சிறுமியர் மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்சுவதற்கென்றே ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவம் இருக்கிறது.

எங்கள் ஆட்டத்தில் ஒருநாள், மஞ்சள்தூள் கரைத்த ‘கறி’க்குள் அடுப்புச் சாம்பல் விழுந்து கறி சிவந்துபோனது. தேசிக்காய் பிழிந்தோம், பழையபடி மஞ்சளானது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் சாம்பல் போன்ற காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாகவே நிற்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நீர் சிவப்பது இதனால்தான். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், காரத்தையும் புளிப்பையும் நிறத்தால் காட்டும் பாசிச்சாயத் தாளைக் கண்டபோது அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

குசினிக்குள் அம்மம்மா எனக்கு முதலில் விட்டுத்தந்தது சொதிச்சட்டியை. தேங்காயின் தண்ணிப்பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள் போட்டு அவிய விட வேண்டும். பிறகு முதற்பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கித் தேசிக்காய் பிழிய வேண்டும். நான் அவசரப்பட்டு, அடுப்பிலே கொதித்துக்கொண்டிருக்கும்போதே பிழிந்தேன். பால் திரைந்து, வெள்ளைத் துணுக்குகள் ஒருபக்கம், மஞ்சள் தண்ணீர் ஒருபக்கம் என்றாகிவிட்டது. அம்மம்மா அதைக் கொட்டவில்லை. பிட்டோடு சாப்பிட்டோம். மறுநாள் மூன்று பேணிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொதியை ஊற்றித் தந்து, “இப்ப விளையாடிப் பார்” என்றார். ஒன்றில் கொதிக்கக் கொதிக்கத் தேசிக்காய் பிழிந்தேன். ஒன்றை ஆறவிட்டுப் பிழிந்தேன். மூன்றாவதில் தேசிக்காயே விடவில்லை. முதலாவது மட்டும் திரைந்தது.

தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. துருவிப் பிழியும்போது அந்தக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளிகளாக உடைந்து தண்ணீரில் மிதக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதவை. ஆனாலும் இங்கே உடனே பிரியாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு துளியையும் தேங்காயின் புரதம் மெல்லிய சட்டைபோல் போர்த்தியிருப்பது. புரதங்கள் மின்னூட்டம் கொண்டவை என்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். பால் வெண்மையாகத் தெரிவதும் இந்தத் துளிகளில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான்.

இந்தச் சட்டைக்கு இரண்டு பகை. ஒன்று சூடு. 80 பாகை செல்சியசைத் தாண்டும்போது புரதம் மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னத் தொடங்கும். மற்றது புளிப்பு. பீ.எச். அளவு 4-ஐ நெருங்க நெருங்கப் புரதத்தின் மின்னூட்டம் குறைந்து, துளிகளுக்குத் தள்ளும் பலம் போய்விடும். கொதியில் துளிகள் வேகமாக மோதிக்கொள்ளும் நேரம் பார்த்துத் தேசிக்காயையும் விட்டால் இரண்டு பகையும் சேர்ந்து அடிக்கின்றன. ஆறிய சொதியில் மோதலும் அடங்கியிருக்கும். அகப்பையால் துழாவிக்கொண்டே பிழிந்தால் புளிப்பு ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும்.

எவ்வளவு ஆற வேண்டும்? அம்மம்மாவிடம் வெப்பமானி இல்லை. “கன்னியாக் கிணத்துச் சூடு வரட்டும்” என்பார். நகரிலிருந்து 8 கிலோமீற்றர் அளவில் இருக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறுகள். தாயின் அந்திமக் கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்று ஊரில் சொல்வார்கள். ஏழிலும் சூடு ஒரே அளவல்ல, ஆனால் எல்லாம் கை பொறுக்கும் சூடுதான். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் தொட்டுப் பார்த்து, எது சூடு கூட என்று சண்டை பிடித்த பிள்ளைக்கு அந்த அளவு உடனே விளங்கும். சமையலுக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் கண்டதில்லை.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தேங்காய்ப்பூவை அப்படியே பிழிந்தால் பால் குறைவாகத்தான் வரும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிழிந்தால் கொழுப்பு இளகி இறங்கும்.

சொதியைக் கெடுத்த அதே திரைதல் வேறு சட்டியில் வேண்டப்படுவது. முதற்பாலைக் காய்ச்சிக்கொண்டே போனால் புரதம் பொன்னிறமாகக் கீழே தங்க, வாசமான எண்ணெய் மேலே தெளியும். தாய்லாந்தில் கெட்டிப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயிலேயே காரக் கூட்டை வதக்குகிறார்கள். நம் வீடுகளிலும் மீன் குழம்பில் எண்ணெய் மிதந்தால்தான் கறி வற்றியது என்பார்கள். ஆகவே பிள்ளையின் சட்டியில் பால் பிரிந்தால் ஏசாமல், எந்த நேரத்தில் என்ன போட்டாய் என்று கேட்பதே எனக்குப் பிடிக்கும். ஒரு அரைமூடித் தேங்காயும் பாதித் தேசிக்காயும்தான் செலவு.

மாங்காய்ச் சொதிக்கு மாங்காய்த் துண்டைத் தண்ணிப்பாலிலேயே அவிப்பதா, முதற்பாலுக்குப் பிறகு போடுவதா என்று வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு. மூன்று பேணிகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். நாளைக்குச் சந்தையில் மாங்காய் வாங்க வேண்டும்.