நடுத்தர வயதில் ஞானப்பல்: எடுப்பதா, விடுவதா?

மனிதனுக்கு அமையும் 32 பற்களில் கடைசியாக முளைப்பவை ஞானப்பற்கள் நான்கும். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் இவை தோன்றுகின்றன. தாடையில் இடம் போதாதவர்களுக்கு இவை சாய்ந்தும், பாதி முளைத்தும், எலும்புக்குள் புதைந்தும் நின்றுவிடுவதுண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் நாற்பதைக் கடந்த அங்கத்தினர் சிலர், "வைத்தியர் எடுக்கச் சொல்கிறார், இந்த வயதில் எடுக்கலாமா?" என்று வினவுகின்றனர். எல்லோருக்கும் பொருந்தும் விடை இதற்கு இல்லை. ஆயினும் முடிவு செய்வதற்குரிய முறை உண்டு.

நோயற்ற பல்

வலியும் வீக்கமும் இன்றி, எக்ஸ்ரே படத்திலும் நோய்க்குறி காணப்படாத பல்லை, பின்னால் தொல்லை வரக்கூடும் என்ற அச்சத்தினால் மட்டும் எடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரப் பணிக்கு வழிகாட்டும் நைஸ் என்னும் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இவ்வாறே பரிந்துரைத்தது. ஆனால் பின்வந்த ஆண்டுகளில், சாய்ந்த ஞானப்பல் உரசி நிற்கும் பக்கத்துக் கடைவாய்ப்பல் சொத்தையாகி, நோயாளிகள் வயது முதிர்ந்த நிலையில் சிகிச்சைக்கு வருவதை அங்குள்ள பல் வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே பல்லை விட்டுவைப்பவர், அதைக் காலந்தோறும் சோதித்துக் கொள்ளவும் வேண்டும்.

எடுக்க வேண்டிய பல்

நிரப்ப இயலாத சொத்தை, பக்கத்துப் பல்லுக்குக் கேடு, வேரடியில் சீழ், தாடையில் நீர்க்கட்டி ஆகியவை எடுப்பதற்குத் தக்க காரணங்கள். ஈறு ஒருமுறை இலேசாக வீங்குவது மட்டும் போதிய காரணமாகாது; வீக்கம் திரும்பத் திரும்ப வருமானால் தாமதிக்கலாகாது. வயது ஏற ஏற எலும்பு இறுகும். புண் ஆறுவதும் தாமதப்படும். ஐம்பதில் தள்ளிப்போட்ட சிகிச்சை எழுபதில் எளிதாவதில்லை.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

கீழ்த்தாடை நரம்புக்கு வேர் எவ்வளவு அருகில் உள்ளது என்பதே முதற்கேள்வி. அந்நரம்பு பாதிக்கப்பட்டால் உதடும் மோவாயும் மரத்துப்போகலாம். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களிலோ மாதங்களிலோ தெளியும். மிகச் சிலருக்கு நிலைத்துவிடும். வேர் நரம்பை ஒட்டியிருப்பின், பல்லின் மேற்பகுதியை மட்டும் நீக்கி வேரை விட்டுவைக்கும் முறையும் உண்டு. நீரிழிவு, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்து, எலும்புத் தேய்வு மருந்து ஆகியவற்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். எம்மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது.

பாக்கு மெல்லும் பழக்கமுள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வாய் திறப்பது குறைந்துவந்தால் அதை ஞானப்பல்லின் மேல் மட்டும் சுமத்திவிடக் கூடாது. பாக்கினால் கன்னத்தின் உட்சதை இறுகும் நோயும் அதற்குக் காரணமாகலாம். அது பின்னர் புற்றாக மாறவும் கூடும்.

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தருகில், 1953இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இச்சோதனைகளைச் செய்துகொள்ளலாம். பூந்தமல்லிப் பகுதியினருக்கு வேலப்பன்சாவடியிலும் பல் மருத்துவக் கல்லூரி உள்ளது.

எடுப்பதென்று முடிவானால், அவசரமில்லாத நிலையில், ஏற்றிய பாவு முடிந்த பின்னரோ நடவு முடிந்த பின்னரோ நாள் குறித்துக்கொள்க. சில நாட்கள் ஓய்வு வேண்டியிருக்கும். புகைத்தால் புண் ஆறுவது தாமதப்படும். வீக்கம் கண்ட இரவில் கைமாற்று வாங்கிக்கொண்டு ஓடுவதைவிட, வலியில்லாத நாளில் படம் எடுத்துப் பார்த்துத் தீர்மானிப்பது உடலுக்கும் குடும்ப வரவு செலவுக்கும் நன்மை தரும்.