மனநிறைவுடையார்க்குச் சமயம் தருவது யாது?

சமயம் துன்பமுற்றார்க்கு மருந்து என்பது பலரும் கூறும் வழக்கு. நோயால் வருந்துவோர், மக்களை இழந்தோர், சாவுக்கு அஞ்சுவோர் ஆகிய இவர்கட்குக் கடவுள் நம்பிக்கை ஊன்றுகோலாதல் யாவரும் அறிந்ததே. அற்றேல், துன்பமில்லாதவனாய், உள்ளது கொண்டு மகிழ்பவனாய், கடவுளுண்மையை நம்பாதவனாய் இருக்கும் ஒருவனுக்குச் சமயம் தரத்தக்கது யாது என்னும் வினா எழும். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு விடையில்லையாயின், நோய் தீர்ந்தவழி மருந்து வேண்டப்படாதவாறு போல, துன்பந் தீர்ந்தவழிச் சமயமும் வேண்டப்படாதென்பது முடிபாகும். இவ்வினாவிற்கு இசுலாம் சமயத்தின்கண் கிடைக்கும் விடை ஈண்டு ஆராயப்படும்.

வினாவின் வலிமையை உணர்தற்கு மெய்யான ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். ஸ்காட்லாந்து தேயத்து எடின்பரோ நகரில் வாழ்ந்த டேவிட் ஹியூம் என்னும் தத்துவ நூலார் (1711–1776) வழக்கிலிருந்த சமயக் கொள்கைகளை ஏற்றுக்கொள்ளாதவர், மறுமையை நம்பாதவர். அவர் தீரா நோயுற்றுச் சாவை எதிர்நோக்கியிருந்தபோது, 1776 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7 ஆம் நாள், ஜேம்ஸ் பாஸ்வெல் என்பார் அவரைக் காணச் சென்றார். இறந்தபின் அடியோடு இல்லாதொழிவோம் என்னும் எண்ணம் வருத்தவில்லையா என்று பாஸ்வெல் வினவினார். பிறக்குமுன் தாம் இல்லாதிருந்தமையை நினைப்பது எங்ஙனம் வருத்தந் தரவில்லையோ, அங்ஙனமே இதுவும் வருத்தந் தரவில்லையென ஹியூம் விடையளித்தார். கலங்கி மீண்டவர் நம்பிக்கையுடைய பாஸ்வெல்லே. ஹியூம் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் இறந்தார். கடைசி நாட்களில் அவர்பால் விளங்கிய அமைதியையும் மலர்ச்சியையும் அவர்தம் நண்பர் ஆடம் ஸ்மித் ஒரு கடிதத்தில் எழுதி வைத்துள்ளார்.

இவ்வமைதி நடிப்பென்று கூறுவாரும் உளர். அங்ஙனங் கூறுதற்குச் சான்றில்லை; எதிர்வழக்கினரை இழித்துரைத்துத் தம் வழக்கை நிறுவுதல் ஆராய்ச்சி நெறியுமன்று. ஆகலின் நம்பிக்கையின்றியும் ஒருவன் மனநிறைவோடு வாழ்ந்து அமைதியோடு இறத்தல் கூடுமென்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்லல் வேண்டும். அச்சத்தைக் காட்டியோ ஆறுதலைக் காட்டியோ இத்தகையோனை அழைத்தல் பயனின்றாம்.

இனி, இசுலாமியப் பேரறிஞராகிய இமாம் கசாலியின் வாழ்க்கை நோக்கத்தக்கது. இவர் குராசான் நாட்டுத் தூசு நகரில் கி. பி. 1058 இல் பிறந்தவர். 1091 இல் பகுதாது நகரத்து நிசாமியாக் கல்லூரியின் தலைமை ஆசிரியராக அமர்த்தப்பெற்றார். முந்நூறு மாணவர் அவர்பாற் பாடங்கேட்டனர். கல்வியும் புகழும் செல்வமும் அரசர் மதிப்பும் ஒருங்கெய்திய அவர்க்குக் குறையென்று கூறத்தக்கது ஒன்றுமில்லை. எனினும் 1095 இல் அவரது நா எழாதொழிந்தது, பாடஞ்சொல்ல இயலவில்லை, உணவும் செல்லவில்லை. நோய் உள்ளத்தினின்றும் எழுந்ததென மருத்துவர் கூறினர். அவர் பதவியைத் துறந்து திமிசுக்கு நகர் சென்று தனிமையில் வாழ்ந்தார். தாம் கற்பித்தது கடவுளின் பொருட்டன்றிப் புகழின் பொருட்டே நிகழ்ந்தது என்பதைக் கண்டமையே இதற்குக் காரணமென அவரே தம் வரலாற்று நூலில் உரைத்துள்ளார்.

இதனாற் பெறப்படுவது யாதெனின், சமயம் அவர்க்கு முதற்கண் தந்தது ஆறுதலன்று, கலக்கம் என்பதே. நிறைவுற்றவன்பால் சமயம் எழுப்பும் முதல் வினா, நீ துன்பமுறுகின்றனையா என்பதன்று. நீ நிறைந்தது எதனால் என்பதாம். சிறு கலம் சிறிது நீராலும் நிறையும். நிறைந்தமை ஒன்றுகொண்டு கலத்தின் அளவு விளங்காது. மறவியில் ஆழ்ந்திருத்தலை இசுலாமிய நூலார் கப்லத்து என்பர். அது துன்பமாகத் தோன்றுவதன்று. இனிய உறக்கம் போல்வது. உறங்குவோனுக்குக் கனவில் ஐயமில்லை. விழித்தபின்னரே அது கனவென அறிவான். அங்ஙனமாயின், பகுத்தறிவால் துணிந்தவற்றையும் பொய்ப்படுத்துவதொரு விழிப்பு இல்லையென எவ்வாறு துணிவது என்று கசாலி ஐயுற்றார்.

இக்கருத்தை விளக்க அவர் எறும்பொன்றை உவமை கூறுவர். தாளின்மேல் ஊரும் எறும்பு, எழுத்துக்கள் தோன்றுதலைக் கண்டு, எழுதுகோலே எழுதுகின்றதெனக் கொள்ளும். சற்று மேல் நோக்கிய எறும்பு, விரல்களே எழுதுவன என்னும். இவ்விரண்டும் பொய் கூறவில்லை. கண்ட அளவில் உண்மையே கூறின. ஆயினும் எழுதுவோனையும் அவனது கருத்தையும் காணவில்லை. இயற்கைப் பொருள்களை ஆராய்வாரும் வான்கோள்களை ஆராய்வாரும் இவ்வெறும்புகளை ஒப்பர் என்பது அவர் கருத்து. ஆகலின், நம்பாதவன் அறிந்தவற்றைச் சமயம் பறிப்பதில்லை; அவற்றிற்கு அப்பாலும் நோக்குமாறு கூறுகின்றது.

இரண்டாவது, நன்றியறிதல். அரபு மொழியில் குப்ரு என்னும் சொல் நம்பாமையையும் நன்றி மறத்தலையும் ஒருங்கே குறிப்பது. மூடுதல் என்னும் அடிப்பொருளது. இதற்கு மறுதலையாகிய சுக்ரு நன்றியறிதலாம். துன்பமுற்றவனைவிட இன்புற்றவனுக்கே இது மிகவும் உரியது. பெற்றவனன்றோ நன்றி கூறுதற்குரியான்? உடல்நலமும் நல்லாசிரியரும் அன்புடைய சுற்றமும் தன் முயற்சியால் மட்டும் வந்தனவல்ல என்பதை நிறைவுற்றவன் அறிவான். அந்நன்றியை யார்பாற் செலுத்துவதென்பதே அவனுக்கு விளங்காதது. கசாலி நன்றியறிதலை அறிவு, உளநிலை, செயல் என மூன்றாக வகுத்தனர். கொடுத்தவனை அறிதலும், அவ்வறிவால் மகிழ்தலும், பெற்றதை அவன் உவக்கும் வழியிற் பயன்படுத்தலும் அவை.

மூன்றாவது, கடமை. மனநிறைவுடையோன் அறஞ்செய்வான், ஆயின் மனம் விரும்பியபோது செய்வான். இசுலாத்தில் தொழுகை நாளொன்றுக்கு ஐந்து முறை. தொழில் இடைப்பட்டாலும் உறக்கம் இடைப்பட்டாலும் எழுதல் வேண்டும். இரமலான் நோன்பு சந்திரமானத்தைப் பின்பற்றுதலின் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்வந்து எல்லாப் பருவங்களிலும் சுழலும். எளிய பருவத்தைத் தேர்ந்துகொள்ளல் இயலாது. வயிறு நிறைந்தவனும் பசியை அறிகின்றான். குறித்த அளவுக்கு மேற்பட்டு ஓராண்டு கையிலிருந்த பொன், வெள்ளி, வணிகப்பொருள் இவற்றில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத்தாகச் செலுத்தப்படும். இது கொடுப்பவனது இரக்கமன்று, வறியவனது உரிமை. அயலானது பசி தன் மனநிலையை எதிர்பார்த்து நில்லாதவாறு செய்தலே இக்கடமைகளின் சிறப்பு.

அற்றேல், நன்றியும் ஈகையும் ஒழுங்கும் நம்பிக்கையின்றியும் அமையுமன்றோ எனின், பெரும்பாலும் அமையும். அதனை மறுத்தல் கூடாது. ஆயினும் நற்பயன் கருதி மட்டும் சமயத்தை மேற்கொள்பவன் அதனை இன்னும் மேற்கொண்டவனாகான். செயல்களின் மதிப்பு எண்ணத்தைப் பொறுத்ததென்பது இசுலாத்தின் அடிப்படைக் கொள்கை. எட்டாம் நூற்றாண்டில் பசுரா நகரில் வாழ்ந்த இராபியா அம்மையார், நரகத்திற்கு அஞ்சியும் சுவர்க்கத்தை விரும்பியும் செய்யும் வழிபாட்டைத் தள்ளி, இறைவனை அவன் பொருட்டே அன்புசெய்தனர் என மரபு கூறும். அவர்தம் நிலையில் வழிபாடு தேவையினின்றும் பிறப்பதன்று. வேண்டுவது ஒன்றுமில்லாதவனே அத்தகைய அன்பிற்கு அணித்தாய் நிற்கின்றான். அச்சத்தாலும் ஆசையாலும் வருபவனுக்குள்ள தடை அவனுக்கில்லை.

ஆகவே, மனநிறைவுடைய நம்பாதவனுக்குச் சமயம் தருவது இன்னும் மிகுந்த இன்பமன்று. அவனது நிறைவை அளந்தறியும் வினாவும், அவனது நன்றிக்கு உரியதோர் இடமும், அவனது அறத்திற்கு மாறாத ஒழுங்கும், கைம்மாறு கருதாத அன்பிற்கு வழியும் ஆகிய நான்குமே அது தரவல்லது. இவற்றை ஏற்றலும் ஏலாமையும் அவனைச் சார்ந்தன. சமயத்தில் வற்புறுத்தலில்லையெனக் குர்ஆனும் இரண்டாம் அத்தியாயத்தில் விதித்தது. சமயத்தார் செய்யற்பாலது, அவனது அமைதியைக் கண்டு வெகுளாது, தம் வழிபாடு அச்சத்தால் நிகழ்கின்றதோ அன்பால் நிகழ்கின்றதோ என்று முதற்கண் தம்மையே ஆராய்ந்து கோடலாம்.